மருந்துச் சீட்டும் மருத்துவர் பதிவேடும்: ஓர் எல்லைப்புற வரலாறு

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆவது அதிகாரம், மருந்து 95ஆவது. இரண்டுக்கும் நடுவே சூது என்ற ஒரே அதிகாரம்தான் இருக்கிறது. இந்த அடைவு யாருடையது, எக்கருத்தில் அமைந்தது என்பது உரையாசிரியர்களின் வழக்கு. அதை அவர்களிடமே விட்டுவிடலாம். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணிச் சொல்கிறது: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்தை இயற்றிக் கொடுப்பவன் என்று நான்கு. மருத்துவன் பிழை செய்தால், அதுவும் தெரிந்தே செய்தால், அவனைக் கேட்பவர் யார் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அந்தக் காலத்தில் அக்கேள்வியை அரசனும் ஊராரும் பார்த்துக்கொண்டிருக்கலாம். நவீன காலம் அதற்கென்றே ஐந்தாவதாக ஓர் உறுப்பை உண்டாக்கியது. அதுதான் மருத்துவர் பதிவேடு. அதில் பெயர் இருந்தால் மருத்துவர். பெயரை அடித்துவிட்டால் அன்று முதல் அவர் மருத்துவராகத் தொழில் செய்ய முடியாது.

பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்துகளை முறையின்றி எழுதிக் கொடுக்கும் மருத்துவர்களை இந்தப் பதிவேடு எப்படி நடத்தியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதை நாட்றாம்பாளையத்தை முன்னிறுத்தி எழுதக் காரணம் உண்டு. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் மலைப்பாதையில், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவுக்கு அருகே உள்ள ஊர் அது. ஆற்றுக்கு அந்தப்புறம் கர்நாடகம். வடக்கே தேன்கனிக்கோட்டையும் ஓசூரும், அதற்கப்பால் பெங்களூருவும். ஒரு பதிவேட்டின் அதிகாரம் எங்கே முடிகிறது, அது முடியும் இடத்தில் என்ன தொடங்குகிறது என்பதை இத்தகைய ஊரிலிருந்து பார்க்கும்போதுதான் தெளிவாகத் தெரிகிறது.

சென்னைப் பதிவேடு

மருத்துவர்களின் ஒழுக்கத்தை மருத்துவர்களே விசாரிப்பது என்ற ஏற்பாடு இங்கிலாந்தில் 1858ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தோடு நிலைபெற்றது. அச்சட்டம் பொது மருத்துவக் கவுன்சிலை அமைத்தது. தொழில் நோக்கில் இழிவான நடத்தை என்று கவுன்சில் முடிவு செய்தால் பெயரை நீக்கிவிடலாம். எது இழிவு? 1894இல் அலின்சன் என்ற மருத்துவரின் வழக்கில் ஆங்கில நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. நற்பெயரும் திறமையும் உள்ள சக மருத்துவர்கள் எதை வெட்கக்கேடு என்று கருதுவார்களோ அதுவே இழிவு. அதாவது அளவுகோல் சக தொழிலாளரின் கையில் இருந்தது. நோயாளியின் கையில் இல்லை. அலின்சன் எந்த நோயாளிக்கும் நஞ்சு கொடுத்தவர் அல்லர். சக மருத்துவர்களையும் அவர்களது மருந்துகளையும் பழித்து, தம்மை விளம்பரப்படுத்திக்கொண்டார் என்பதே அவர்மீதான குற்றச்சாட்டு.

இந்த மனப்பாங்கு அப்படியே கப்பலேறி இங்கு வந்தது. 1912இல் பம்பாயும் 1914இல் வங்காளமும் சென்னையும் மருத்துவப் பதிவுச் சட்டங்களை இயற்றின. சென்னை மாகாணத்தில் ஒரு மருத்துவக் கவுன்சில் அமைந்தது. இன்றைய தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் அந்த 1914 சட்டத்தின் வழிவந்தது. புதிய கவுன்சில்கள் முதலில் யார்மீது பாய்ந்தன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆயுர்வேதக் கல்லூரிகளோடும் வைத்தியசாலைகளோடும் தொடர்பு வைத்திருந்த பதிவு பெற்ற மருத்துவர்கள் பம்பாயிலும் சென்னையிலும் விளக்கம் கேட்கப்பட்டனர். தகுதியற்றவரோடு கூட்டுச் சேர்தல் என்பது அதற்குரிய சட்டப் பெயர். நாட்டு வைத்தியனைத் தகுதியற்றவன் என்பதா என்று தேசிய இயக்கத்தினர் சினந்தனர். அந்தச் சினத்தின் தொடர்ச்சியாகவே 1921இல் சென்னை அரசு முகமது உஸ்மான் தலைமையில் சுதேச வைத்திய முறைகள் பற்றி ஆராயக் குழு அமைத்ததையும், 1923இல் அதன் அறிக்கை வந்ததையும் புரிந்துகொள்ள வேண்டும்.

அதே ஆண்டுகளில் அபின் எங்கே இருந்தது? அரசாங்கத்தின் கடையில் இருந்தது. 1878ஆம் ஆண்டு அபின் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற கடைகளில் அது விற்கப்பட்டது. வருவாய் கருவூலத்துக்குப் போனது. 1893இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் இரண்டாண்டு விசாரித்து, இந்தியர்களின் அபின் பழக்கத்தால் பெருங்கேடு எதுவும் இல்லை என்ற போக்கில் 1895இல் அறிக்கை தந்தது. பம்பாய் ஆலைகளுக்கு வேலைக்குப் போன தாய்மார்கள் குழந்தை அழாமல் உறங்க அபின் கலந்த சிற்றுருண்டை கொடுத்தது அந்நாளைய வழக்கம். இப்படிப் போதைப்பொருள் கடையில் வெளிப்படையாகக் கிடைக்கும்போது மருத்துவரின் சீட்டுக்கு மதிப்பு ஏது? மருத்துவரைத் தவறாக எழுதவைக்கும் தூண்டுதலும் இல்லை, அதைத் தண்டிக்க வேண்டிய தேவையும் இல்லை. கடையை மூடிச் சீட்டை மட்டும் திறவுகோலாக்கிய நாளில்தான் மருத்துவர் காவலாளி ஆனார். காவலாளி ஆனவருக்குத்தான் கையூட்டும் வரும்.

அந்த மாற்றம் படிப்படியாக வந்தது. 1925 ஜெனிவா உடன்படிக்கையைத் தொடர்ந்து 1930இல் இந்தியாவில் அபாயகர மருந்துகள் சட்டம் இயற்றப்பட்டது. மார்ஃபினும் கொக்கைனும் மருத்துவத் தேவைக்கு மட்டும் என்றாயின. விடுதலைக்குப் பின், அபின் தின்பதைப் பத்தாண்டுகளில் ஒழிப்பதென்று 1949இல் தீர்மானித்தார்கள். 1959இல் மருத்துவமல்லாத பயன்பாடு சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது. பழக்கத்தை விட முடியாதவர்கள் பதிவு செய்துகொண்டு மருத்துவக் காரணத்தின்பேரில் பெறலாம் என்ற விலக்கு மட்டும் எஞ்சியது.

எல்லையில் நின்ற அதிகாரம்

இனி நம் எல்லைக்கு வருவோம். ஓசூர்ப் பகுதி அந்நாளில் சேலம் மாவட்டத்தின் பகுதி. 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. சென்னை மருத்துவக் கவுன்சிலின் அதிகாரம் 1914 முதல் இம்மலைகள் வரை வந்து நின்றது. அதற்கப்பால் மைசூர் சமஸ்தானம். அங்கே மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது 1931இல். இடைப்பட்ட 17 ஆண்டுகள் எல்லையின் ஒருபுறம் பதிவேடு இருந்தது, மறுபுறம் இல்லை. சென்னையில் பெயர் நீக்கப்படும் ஒருவரை ஆனேக்கல்லிலோ கனகபுரத்திலோ தடுக்கச் சென்னைச் சட்டத்தில் வழியே கிடையாது. தண்டனையின் எல்லை மாகாணத்தின் எல்லையோடு முடிந்தது.

அடுத்த சோதனை மதுவிலக்கு. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில்தான் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதனுள் அடங்கின. அக்கரை மைசூரில் மதுவிலக்கு இல்லை. இக்கரையில் சாராயக்கடை மூடியதும், மதுசாரம் கலந்த மருந்துகள் எந்த அளவுக்கு மருந்து, எந்த அளவுக்கு மது என்ற கேள்வி எழுந்தது. டிங்சரும் அரிஷ்டமும் மருந்தாகவும் இருந்தன, வேறொன்றாகவும் இருந்தன என்பது மதுவிலக்குக் காலத்தை அறிந்தவர்களுக்குப் புதிதன்று. 1951இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்த பால்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கேள்வியை நேரே எதிர்கொண்டது. சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்ற நீதிமன்றம், மதுசாரம் கலந்த மருந்து, ஒப்பனைப் பொருள்களையும் மதுவென்றே கருதித் தடுத்த பகுதியைச் செல்லாதென்றது. மருந்து மருந்தாகவே இருக்கட்டும், அதன் தவறான பயனை வேறு வழியில் தடுங்கள் என்பது அதன் உட்பொருள். வேறு வழி என்றால் கடைசியில் வந்து நிற்பது மருத்துவரின் நேர்மையில்தான்.

இதே கேள்வி அண்மையில் கேரளத்தில் திரும்பி வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கால் மதுக்கடைகள் மூடப்பட்டன. மது நிறுத்தத்தால் துன்புறுவோருக்கு மருத்துவர் சீட்டின்பேரில் மது வழங்கலாம் என்று அம்மாநில அரசு ஆணையிட்டது. மருத்துவர்கள் மறுத்தார்கள். மதுவை மருந்தென்று எழுதுவது எங்கள் தொழிலறத்துக்கு மாறானது, நிறுத்தத் துன்பத்துக்கு வேறு சிகிச்சை உண்டு என்றார்கள். ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசே எழுதச் சொன்னபோதும் மருத்துவர்கள் கூட்டாக எழுத மறுத்த நிகழ்ச்சி என்பதால் இது குறிப்பிடத்தக்கது. தொழிலறம் என்பது தண்டனைக்கு அஞ்சுவது மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டு வழிகள்

உலகில் இச்சிக்கலை இரண்டு நாடுகள் இரண்டு விதமாகக் கையாண்டன. அமெரிக்கா குற்றவியல் சட்டத்தின் கையில் கொடுத்தது. மெம்ஃபிஸ் நகரில் வெப் என்ற மருத்துவர், சீட்டு ஒன்றுக்கு 50 சென்ட் வாங்கிக்கொண்டு கேட்டவர்க்கெல்லாம் மார்ஃபின் எழுதிக் கொடுத்தார். 1919இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பழக்கத்தை நீட்டிப்பதற்காகவே எழுதப்படும் தாளை மருந்துச் சீட்டு என்றே சொல்ல முடியாது என்றது. அதன்பின் ஏராளமான மருத்துவர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டனர். அவர்களுள் பேராசைக்காரரும் இருந்தனர், நோயாளியைக் கைவிட மனமில்லாதவரும் இருந்தனர்.

இங்கிலாந்து தொழிலாளர் குழுவின் கையில் விட்டது. 1926இல் ரோல்ஸ்டன் குழு, பழக்கத்திலிருந்து மீள முடியாதவருக்கு மருத்துவர் அளவோடு மார்ஃபினோ ஹெராயினோ எழுதுவது சிகிச்சையே என்று பரிந்துரைத்தது. தவறாக எழுதும் மருத்துவரை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயங்கள் வேண்டும் என்றும் சொன்னது. தீர்ப்பாயங்களுக்கு விதி எழுதப்பட்டது. ஆனால் அவை ஒரு முறைகூடக் கூடவில்லை. நாற்பதாண்டு பெரிய சிக்கல் எழவில்லை என்பதால் அது யாருக்கும் உறுத்தவில்லை. 1960களில் உறுத்தியது. பிரெய்ன் குழுவின் 1965 அறிக்கை தந்த ஓர் எண் இன்றும் அச்சமூட்டுகிறது: 1962ஆம் ஆண்டில் ஒரே மருத்துவர் தம்மிடம் வந்த பழக்க அடிமைகளுக்கு ஏறத்தாழ 6 லட்சம் ஹெராயின் மாத்திரைகளை, அதாவது 6 கிலோவை, எழுதிக் கொடுத்திருந்தார். சட்டப்படி அது குற்றமன்று. இப்படித் தாராளமாக எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே என்பதையும் அக்குழு கண்டது.

அந்தக் காலத்து இலண்டனில் ஜான் பெட்ரோ என்ற மருத்துவர் பெயர்போனவர். தமக்கென்று நிலையான மருத்துவமனை இல்லாத நிலையிலும் சந்தித்த இடத்தில் சீட்டு எழுதினார். 1968இல் அவர் பெயர் நீக்கப்பட்டது. மேல்முறையீடு முடியும்வரை அவரால் எழுத முடிந்தது, எழுதவும் செய்தார். விசாரணை நடக்கும்போதே தீங்கு தொடரலாம் என்ற இந்த ஓட்டையை அடைக்கவே 1971 சட்டம், குறிப்பிட்ட மருத்துவர் குறிப்பிட்ட மருந்துகளை எழுதக்கூடாதென்று உத்தரவிடும் அதிகாரத்தை உள்துறை அமைச்சருக்குக் கொடுத்தது. பதிவேட்டிலிருந்து நீக்குவது பெரிய ஆயுதம், மெதுவான ஆயுதம். கையிலுள்ள பேனாவை மட்டும் வாங்கிக்கொள்ளும் சிறிய ஆயுதம் விரைவானது. இங்கிலாந்து இதைக் கற்றுக்கொள்ள இத்தனை காலம் பிடித்தது.

அமெரிக்கா கற்ற பாடம் வேறு. 1996இல் சந்தைக்கு வந்த ஆக்சிகான்டின் என்ற வலி மாத்திரை அந்நாட்டின் சிற்றூர்களைச் சீரழித்தது. அதைத் தயாரித்த பர்டியூ நிறுவனம், பழக்க அபாயம் பற்றித் தவறான தகவல் பரப்பியதை 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இங்கே நம் எல்லைப்புறக் கதைக்கு நெருக்கமான ஒன்று உண்டு. கென்டக்கி மாநிலம் 1999 முதலே எந்த மருத்துவர் யாருக்கு எவ்வளவு எழுதினார் என்பதை மின்பதிவேட்டில் வைத்திருந்தது. புளோரிடாவில் 2011 வரை அப்படியொன்று இயங்கவில்லை. கென்டக்கிக்காரர்கள் பல நூறு மைல் வண்டி ஓட்டிப் புளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே கட்டணம் வாங்கிச் சீட்டெழுதவென்றே மருத்துவமனைகள் முளைத்திருந்தன. பதிவேடு இல்லாத மாநிலத்தை நோக்கி மருந்து தேடுவோர் நகர்ந்தனர்.

குற்றவியல் வழியிலும் ஒரு திருத்தம் நேர்ந்தது. 2022இல் அலபாமா மருத்துவர் ரூவான் வழக்கில், முறையற்ற சீட்டு என்பதை மருத்துவர் அறிந்தோ வேண்டுமென்றோ எழுதினார் என்று அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. பிழையான மருத்துவத்தையும் குற்றத்தையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்பது அதன் சாரம்.

நம் சட்டங்கள், நம் அச்சங்கள்

இந்தியா 1985இல் போதைமருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தை இயற்றியபோது அமெரிக்க வழியின் கடுமையை எடுத்துக்கொண்டது. கடத்தல்காரரை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் முதலில் அடித்தது புற்றுநோயாளிகளை. மார்ஃபின் வாங்கவும் வைக்கவும் கொண்டுசெல்லவும் மாநிலந்தோறும் தனித்தனி உரிமங்கள். ஒன்று தவறினால் சிறை. மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்து, 1997இல் வெறும் 18 கிலோவுக்கு வந்தது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கமும், மருத்துவர் எம்.ஆர். இராஜகோபால் போன்றோரும் நீண்டகாலம் போராடியதன் பயனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாத போதைமருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதி வந்தது. ஆயினும் ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபின் எழுதக் கற்காமலே படித்து முடித்திருந்தார்கள். தண்டனை பற்றிப் பேசும் எவரும் மறக்கக்கூடாத எண் அந்த 18 கிலோ. தவறாக எழுதுபவனை அச்சுறுத்தும்போது, சரியாக எழுத வேண்டியவனின் கையும் சேர்ந்து நடுங்குகிறது.

தொழில்முறை ஒழுங்கு பற்றிய விதி 2002இல் இந்திய மருத்துவக் கவுன்சில் வெளியிட்ட நடத்தை விதிகளில் இருக்கிறது. அதன் 7.8ஆம் பிரிவு, தவிர்க்கவியலாத மருத்துவக் காரணம் இல்லாமல் ஸ்டீராய்டுகளையோ உளவெறியூட்டும் மருந்துகளையோ எழுதுவது கடுமையான தொழில் ஒழுங்கீனம் என்கிறது. தண்டனையாகப் பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். புகாரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். பெயர் நீக்கத்தை உள்ளூர்ப் பத்திரிகைகளில் பரவலாக அறிவிக்க வேண்டும் என்றுகூட விதி உண்டு. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்ட புதிய நடத்தை விதிகள் அதே மாதம் 23ஆம் நாள் நிறுத்திவைக்கப்பட்டதால் 2002 விதிகளே தொடர்ந்தன.

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. சிக்கல் அது எப்படித் தொடங்குகிறது என்பதில். கவுன்சிலின் விசாரணை புகாரில் தொடங்குவது. அறுவை சிகிச்சை பிழைத்துப்போனால் குடும்பத்தார் புகார் எழுதுவார்கள். பழக்க மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவர்மீது புகார் எழுதப்போவது யார்? சீட்டு வாங்கியவர் எழுதமாட்டார். அடுத்த வாரம் அவருக்கு அதே சீட்டு வேண்டும். மருந்துக் கடைக்காரர் எழுதமாட்டார், அது வணிகம். பாதிக்கப்பட்டவரே பாதிப்பைக் காக்கும் இவ்வகைக் குற்றத்தில் புகாருக்குக் காத்திருப்பது, திருடன் வந்து திருட்டைச் சொல்லட்டும் என்று காத்திருப்பதைப் போன்றது.

சான்று இல்லாமலும் இல்லை. 2013இல் மருந்து விதிகளில் எச்1 என்ற அட்டவணை சேர்க்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 46 மருந்துகள், அவற்றுள் அல்பிரசோலம், டையசிபாம், நைட்ரசிபாம், புப்ரினார்ஃபின், கோடீன், டிரமடால் ஆகியன உண்டு. இவற்றை விற்கும் கடைக்காரர் சீட்டெழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பேரேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். ஆகவே எந்த மருத்துவரின் பெயர் ஒரு பேரேட்டில் மிகுதியாக வருகிறது என்பது கடையில் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தப் பேரேடு மருந்து ஆய்வாளரின் பார்வைக்குரியது. மருத்துவர் பதிவேடு கவுன்சிலின் கையிலுள்ளது. ஒன்று மருந்தைப் பார்க்கிறது, மற்றொன்று மருத்துவரைப் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது யாருடைய அன்றாடக் கடமையும் அன்று.

இதற்கிடையே மருந்தும் இடம்பெயர்கிறது. ஒன்றை இறுக்கினால் அடுத்தது தலைதூக்கும். 1990களில் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஹெராயினிலிருந்து புப்ரினார்ஃபினுக்கு மாறினார்கள். 2018 ஏப்ரலில் டிரமடால் போதைமருந்துச் சட்டத்தின்கீழ் வந்தது. 2013இன் எச்1 பட்டியலில் இடம்பெறாத டாபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பின்னாளில் தமிழ்நாட்டு நகரங்களில் பரவி உயிர்களைப் பறித்தது. வெளிநாட்டுக்கும் இது போனது: டாபென்டடாலும் கரிசோப்ரடாலும் கலந்த மாத்திரைகள் இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றதை 2025 பிப்ரவரியில் பிபிசி வெளிப்படுத்தியதும், அக்கலவையின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்குமான அனுமதியை மத்திய அரசு திரும்பப் பெற்றது.

சிங்கப்பூர் செய்தது

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூரின் அனுபவம் இங்கே பயன்படும். ஹெராயின் பழக்கத்திலிருந்து மீட்கவென்று அங்கே புப்ரினார்ஃபின் மாத்திரை தனியார் மருத்துவர்கள் வழியாகக் கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே பலர் அதைப் பொடித்து, தூக்க மருந்தோடு கலந்து ஊசியில் ஏற்றத் தொடங்கினர். 2006 ஆகஸ்ட் 14 அன்று அரசு அதை முதல்வகைக் கட்டுப்பாட்டு மருந்தாக அறிவித்தது. அதோடு நிற்கவில்லை. 2008இல் தூக்க மருந்துகள் எழுதுவதற்குச் சுகாதார அமைச்சு விரிவான வழிகாட்டு நெறி வெளியிட்டது: மொத்தமாக எட்டு வாரங்களுக்கு மேல் ஒருவருக்குத் தேவைப்பட்டால் பொது மருத்துவர் தொடர்ந்து எழுதக்கூடாது, சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், ஏன் எழுதினார் என்பது குறிப்பேட்டில் இருக்க வேண்டும். அதன் அடிப்படையில் பல மருத்துவர்கள் சிங்கப்பூர் மருத்துவக் கவுன்சிலின் முன் நிறுத்தப்பட்டனர். சிலர் மாதக்கணக்கில் இடைநீக்கம் செய்யப்பட்டனர். முடிவுகள் காரணங்களோடு வெளியிடப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியது தண்டனையின் கடுமை அன்று. தவறு எது என்பது முன்கூட்டியே எண்ணாலும் நாளாலும் வரையறுக்கப்பட்டிருந்தது என்பதே. நம் 7.8ஆம் பிரிவு தவிர்க்கவியலாத காரணம் என்கிறது. எத்தனை வாரம், எத்தனை மாத்திரை என்று சொல்வதில்லை. அளவு சொல்லாத விதி இரண்டு பேருக்கு உதவுகிறது: தப்பிக்க விரும்பும் மருத்துவருக்கும், மிரட்ட விரும்பும் அதிகாரிக்கும். நேர்மையாக எழுதுபவருக்கு அது எந்தக் காப்பும் தருவதில்லை.

மீண்டும் மலையடிவாரத்தில்

இன்று மருத்துவருக்கு மாநில எல்லை தடையன்று. 1956 சட்டம் அகில இந்தியப் பதிவேட்டை நிலைநிறுத்தி, அதில் பெயருள்ளவர் நாட்டின் எப்பகுதியிலும் தொழில் செய்யலாம் என்றது. மாநிலப் பதிவேட்டில் நீக்கப்பட்டவர் பெயரை அகில இந்தியப் பதிவேட்டிலிருந்தும் நீக்க வழி செய்தது. 1914க்கும் 1931க்கும் இடையே இருந்த ஓட்டை ஏட்டளவில் அடைபட்டது. ஆனால் புகார் இன்னும் அந்தந்த மாநிலக் கவுன்சிலுக்கே போகிறது. மருந்து ஆய்வாளரின் அதிகாரம் ஜூஜூவாடியோடு நின்றுவிடுகிறது. பெங்களூருவில் எழுதிய சீட்டு ஓசூர்க் கடையில் செல்லும். அந்தச் சீட்டில் ஐயம் எழுந்தால் ஓசூரின் பேரேடு பெங்களூருவின் கவுன்சிலுக்குப் போய்ச்சேர ஒழுங்கான பாதை இல்லை. ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் இரவு பகல் மாறி மாறி வேலை செய்யும் இளைஞர்கள் பல மாநிலத்தவர். உறக்கமின்மையும் உடல்வலியும் அவர்களுடைய அன்றாடம். தூக்க மாத்திரைக்கும் வலி மாத்திரைக்கும் உண்மையான தேவை அங்கே இருக்கிறது. அந்தத் தேவையோடு சேர்ந்தே தவறான பயனும் வளரும்.

நாட்றாம்பாளையம் போன்ற மலையூரில் நிலை வேறு. பதிவு பெற்ற மருத்துவரைப் பார்க்கவே மலைப்பாதையில் நெடுந்தூரம் போக வேண்டிய இடங்களில், பதிவேட்டில் இல்லாதவர்கள் வைத்தியம் பார்ப்பது நாடு முழுவதும் உள்ள நடைமுறை. அவர்களை நீக்கப் பதிவேட்டில் பெயரே இல்லை. 1956 சட்டத்தில் இதற்கு ஓராண்டுச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம். 2019 சட்டம் அபராதத்தை 5 லட்சம் வரை உயர்த்தியது. போலி வைத்தியரைக் கைது செய்வது எளிது. அவர் இருந்த இடத்தில் ஒரு மருத்துவரை அமர்த்துவது கடினம். 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது நல்ல செய்தி. அதன் பயன் அஞ்செட்டி மலைக்கு மேலே ஏறும்போதுதான் முழுமையாகும்.

இன்னொரு பின்னடைவையும் சொல்ல வேண்டும். பழைய 2002 விதிகளில் 2004இல் சேர்த்த பிரிவின்படி, மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் 60 நாளில் மேல்முறையீடு செய்யலாம். நோயாளியும் அவர் குடும்பமும் அதில் அடக்கம். 2019ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமையை மருத்துவருக்கு மட்டும் சொல்கிறது. மகனைப் பறிகொடுத்த தாய் மாநிலக் கவுன்சிலில் தோற்றால் அந்தச் சட்டத்தில் அவளுக்கு அடுத்த படி இல்லை. உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 1894இல் அளவுகோல் சக மருத்துவரின் கையில் இருந்தது என்று மேலே பார்த்தோம். 125 ஆண்டுகளுக்குப் பின் வந்த சட்டமும் அதே இடத்தில் நிற்கிறது.

இந்த வரலாறு காட்டும் வழிகள் எளியவை. கடைப் பேரேட்டில் ஒரே மருத்துவர் பெயர் அளவுக்கு மீறி வந்தால், புகாருக்குக் காத்திராமல் அது கவுன்சிலுக்குப் போக வேண்டும். கர்நாடக மருத்துவர் என்றால் கர்நாடகக் கவுன்சிலுக்கு. எத்தனை வாரம், எந்த மருந்து என்பது எழுத்தில் இருக்க வேண்டும். விசாரணைக் காலத்தில் மருத்துவர் தொழிலை முழுதும் இழக்காமல், குறிப்பிட்ட மருந்துகளை எழுதும் உரிமையை மட்டும் நிறுத்திவைக்க வேண்டும். நோயாளிக்கு மேல்முறையீட்டு உரிமை திரும்ப வேண்டும். இவற்றோடு, புற்றுநோயாளிக்கு மார்ஃபின் எழுதும் மருத்துவருக்கு, உன்னை யாரும் கேள்வி கேட்டு அலைக்கழிக்க மாட்டார்கள் என்ற உறுதியும் வேண்டும். அந்த உறுதி இல்லையென்றால், பெங்களூரு கிட்வாய் மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து மலையேறி வீடு திரும்பும் நோயாளி, கடைசி மாதங்களை வலியிலேயே கழிப்பார். அவருடைய வலியைப் பற்றிப் புகார் எழுதவும் யாரும் இருக்கமாட்டார்கள்.